ரெனிஷாவின் விரல்

புதுக்கடை
23.6.2024

அன்புள்ள தங்கச்சி ஷைஜாவுக்கு,

அக்கா ஜாஸ்பின் எழுதுவது. தேவ கிருபையால் நானும் உன் அத்தானும் சுகம். அங்கே உன் சுகம் எப்படி? போன மழைக்கு வந்த மலேரியா இந்த மழைக்கும் வந்துவிடக்கூடாது என்று தினமும் ஜெபிக்கிறேன். கொசுவலையைக் கட்டிக்கொண்டு படு. மிஷன்காரர்கள் உன்னை ஒடிசா மலையில் கொண்டுபோய் வைத்து ஆறு வருஷம் ஆகிறது, இன்னும் ஒரு டவர் வரவில்லை. ஊர் முழுக்க வாட்ஸ்அப்பில் பேசும்போது நான் ஒருத்திதான் தபால் ஆபீஸில் ஸ்டாம்பு கேட்டு நிற்கிறேன். போஸ்ட் மாஸ்டர் என்னைப் பார்த்தாலே சிரிக்கிறார்.

ஒரு நல்ல செய்தி. நம் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது! குவைத்தில் இருக்கிற பழைய மாணவர்கள் சங்கம் வைத்து வாங்கித் தந்தார்கள். கூடவே பிள்ளைகளுக்கு எட்டு டேப், பெரிய போன் மாதிரி. முதலில் ஒரு வகுப்புக்கு மட்டும்தான். அது என்னுடைய நாலாம் வகுப்பு. நன்றாக நடந்தால் மற்ற வகுப்புகளுக்கும் தருவார்களாம். ஹெச்.எம். ஜேசுதாஸ் சார் என்னைக் கூப்பிட்டு, "டீச்சரே, ஒங்கள நம்பித்தான் இருக்கு" என்றார். இருபத்தி மூன்று வருஷ சர்வீஸில் அவர் என்னிடம் இப்படிப் பேசியது இதுதான் முதல்முறை.

பாடத்தைத் தொட்டால் போர்டே வாசிக்கிறது ஷைஜா. ஒரு பெண் குரல். வாசிக்கிற வரி மஞ்சளாக மாறும், பிள்ளைகளும் கூடச் சேர்ந்து சொல்வார்கள். முப்பத்திரண்டு பேரில் ஒரு வாய்கூடச் சும்மா இருப்பதில்லை. ரெனிஷா என்று ஒரு பிள்ளை இந்த வருஷம்தான் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தாள். அம்மா ஜாஸ்மி அண்டி ஆபீஸில் முந்திரிப்பருப்பு உடைக்கிறாள், அப்பா சிஜோ குவைத்தில். அந்தப் பிள்ளை போர்டின் குரலை அப்படியே பிடித்துவிட்டாள். கண்ணை மூடினால் போர்டு வாசிக்கிறதா, இவள் வாசிக்கிறாளா என்று தெரியாது.

நீ கேட்ட அறிவியல் படங்களை பென் டிரைவில் போட்டு இதனுடன் வைத்திருக்கிறேன். பருத்தித் துணியில் சுற்றியிருக்கிறேன், தபால்காரர் எறிந்தாலும் உடையாது.

உன் அக்கா
ஜாஸ்பின்


14.7.2024

அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

நான் நலம். உனக்கும் அத்தானுக்கும் மூட்டுவலி தேவலையா? மலேரியா வரவில்லை. கொசுவலை கட்டியிருக்கிறேன், அதில் ஒரு ஓட்டை இருக்கிறது, கொசுக்களுக்கு அது தெரியாது.

பென் டிரைவ் உடையாமல் வந்தது. ஹாஸ்டலில் ஒரு பழைய லேப்டாப் இருக்கிறது. வெயில் அடித்தால் சோலாரில் இரண்டு மணி நேரம் ஓடும். மழை வரும் விதம் பற்றிய படத்தைப் போட்டேன். தமிழ்க் குரல் இவர்களுக்கு எங்கே புரியும்? சத்தத்தை அணைத்துவிட்டேன். அதுதான் நல்லதாகப் போயிற்று. படம் மட்டும் ஓடியதும் பிள்ளைகளே பேச ஆரம்பித்துவிட்டார்கள். கடல் எதற்கு மேலே போகிறது என்று ஒரே சண்டை. யாருக்கு என்ன தெரியும், யாருக்கு ஒன்றும் தெரியாது என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. நீயும் ஒருநாள் சத்தத்தை அணைத்துப் பார். உன் முப்பத்திரண்டு வாயில் எத்தனை வாய் நிஜம் என்று தெரியும்.

கோபப்படாதே. உன் போர்டைக் குறை சொல்லவில்லை. எனக்கு ஒன்று கிடைத்தால் கட்டிப்பிடித்து முத்தம் கொடுப்பேன்.

ஷைஜா


புதுக்கடை
11.8.2024

அன்புள்ள ஷைஜா,

சுகமாக இருக்கிறாயா? இங்கே ஆடிக் காற்றில் ரெண்டு வாழை ஒடிந்தது, மற்றபடி குறைவில்லை. ஊசி நூல் இல்லாத மலையா அது? ஓட்டையைத் தை.

இந்த வாரம் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. போர்டோடு ஒரு ஆப்பும் வந்திருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் டேப்பில் வாசிப்புத் தேர்வு செய்ய வேண்டும். ஒரு வரி வரும், அதை வாசித்து அதற்கான படத்தைத் தொட வேண்டும். சரியாகத் தொட்டால் ஒன்று, இரண்டு, மூன்று என்று நட்சத்திரம் விழும். நட்சத்திரம் அப்போதே பெற்றோர் போனுக்கும் போய்விடும். பத்தாம் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று சங்கத்துக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். நெட் என்றால் இருக்கும், போகும், இருக்கும், போகும். ஒரு பிள்ளைக்கு முடிவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடுகிறது.

ஒரு தமாஷ் கேள். தேர்வுக்கு முந்தின நாள் ரெனிஷாவைப் புத்தகத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னேன். கணீரென்று ஒரு பக்கம் வாசித்தாள். கடைசி வரி முடிந்ததும் நிறுத்தாமல் அதே குரலில், "மீண்டும் கேட்க இங்கே தொடவும்" என்றாள்! போர்டில் ஒவ்வொரு பாடம் முடிந்ததும் அந்தப் பெண் சொல்வது அது. வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

எப்படியோ நேற்று எல்லாம் முடிந்தது. முப்பத்திரண்டு பேருக்கும் மூன்று நட்சத்திரம். மாவட்டத்தில் சங்கம் போர்டு கொடுத்த எந்தப் பள்ளியிலும் இப்படி இல்லையாம். ஜேசுதாஸ் சார் டீக்கடையிலிருந்து சூடாகப் பழம்பொரி வாங்கித் தந்தார்.

அன்புடன்
அக்கா


1.9.2024

அக்காவுக்கு,

நலம். அங்கே எல்லோரும் நலமா? இங்கே மழை. சோலார் ஓடவில்லை, கரும்பலகைதான்.

உன் தமாஷை இரண்டு தடவை படித்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளை புத்தகத்தைப் பார்த்து வாசிக்கவே இல்லையே அக்கா. காதால் கேட்டதை ஒப்பித்திருக்கிறாள். அவளுக்கு எழுத்துத் தெரியுமா? தெரியாது என்றால், அவளுக்கு எப்படி மூன்று நட்சத்திரம் விழுந்தது?

எனக்குத்தான் ஏதோ புரியவில்லையோ என்னவோ. எழுது.

ஷைஜா


புதுக்கடை
6.10.2024

அன்புள்ள ஷைஜா,

பதில் தாமதமானதற்குக் கோபிக்காதே. காலாண்டுத் தேர்வு, விடைத்தாள், அத்தானுக்கு ரப்பர் தோட்டத்தில் வழுக்கிக் கை சுளுக்கு, ஒன்று போனால் ஒன்று. உன் உடம்பு எப்படி இருக்கிறது?

நாகர்கோவிலில் வைத்து எனக்கு விருது கொடுத்தார்கள். "சிறந்த டிஜிட்டல் வகுப்பறை ஆசிரியை." சால்வை, ஒரு கேடயம். நம் அம்மா இருந்தால் சபை முழுக்கச் சொல்லி முடித்திருப்பாள். நான் அந்த நீலப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். போட்டோ அனுப்ப முடியாத இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாய். அடுத்த வருஷம் மூன்றாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் போர்டு உறுதியாகிவிட்டது. எல்லாம் என் வகுப்பைப் பார்த்துத்தான்.

ரெனிஷாவின் அப்பா சிஜோ நவம்பரில் லீவில் வருகிறார், இரண்டு வருஷம் கழித்து. மகளின் மூன்று நட்சத்திரத்தைப் போனில் வைத்துக்கொண்டு அறையில் உள்ளவர்களுக்கெல்லாம் காட்டுகிறாராம். ஸ்தோத்திரப் பண்டிகை ஆராதனையில் மகள்தான் வேதபாடம் வாசிக்க வேண்டும் என்று அங்கிருந்தே போதகரிடம் போனில் கேட்டு வாங்கிவிட்டார். ஜாஸ்மி என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் டீச்சருக்க புண்ணியம்" என்றாள்.

நீ கேட்டதை மறக்கவில்லை. அந்தப் பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன். அரையாண்டுக்குள் சரியாகிவிடும்.

அக்கா


27.10.2024

அக்கா,

காய்ச்சல். பயப்படாதே, மாத்திரை இருக்கிறது. உட்கார்ந்து எழுத முடியவில்லை.

விருதுக்குச் சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம்.

நான் கேட்டது வேறு கேள்வி.

ஷைஜா


புதுக்கடை
24.11.2024

அன்புள்ள ஷைஜா,

காய்ச்சல் விட்டதா? மருந்துக் கடையில் கேட்டு மாத்திரை பார்சல் போட்டிருக்கிறேன். கஞ்சி குடி. யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா? உன்னை நினைத்துத் தூக்கம் இல்லை.

தூக்கம் இல்லாததற்கு வேறு காரணமும் உண்டு. போன ஞாயிறு ஸ்தோத்திரப் பண்டிகை. ரெனிஷா ரோஸ் கலர் கவுன் போட்டிருந்தாள். வாசிக்க வேண்டிய சங்கீத வசனங்களை அம்மாவின் போனில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணியிருந்தாள். எனக்கு அது தெரியும். பண்ணட்டும், அன்றைக்கு ஒருநாள் கடந்தால் போதும் என்று நினைத்தேன். ஆனால் பிரசங்கம் செய்ய வந்தவர் ஆராதனை தொடங்கின பிறகு வேறு பகுதி வேண்டும் என்று சொல்லிவிட்டார். போதகர் அந்தப் பக்கத்தைத் திறந்து பிள்ளையின் முன்னால் வைத்தார்.

அவள் தான் படித்து வந்ததைச் சொல்லத் தொடங்கினாள். போதகர் குனிந்து, இது இல்லை மக்கா, இந்த இடம் என்று விரலால் காட்டினார். அவள் நிறுத்திவிட்டாள். மைக் ஓடிக்கொண்டிருந்தது. அவள் மூச்சுவிடுவது ஆலயம் முழுக்கக் கேட்டது. முதல் வரிசையில் சிஜோ புதுப் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது ஷைஜா. கடைசியில் அவள் வேதப்புத்தகத்தை மூடிவிட்டு இறங்கி வந்தாள்.

வெளியே வந்ததும் சிஜோ கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "தெரிஞ்சும் வாசிக்காம நிக்குத. மூணு ஸ்டாரு எனக்க போன்ல கிடக்கு. ஆளு முன்னால அப்பனுக்க மானத்த வாங்கணும்னு நினைச்சியா?" என்று மெதுவாகக் கேட்டார். வீட்டுக்குப் போன பிறகு ஜாஸ்மி விளக்குமாற்று ஈர்க்கிலால் அடித்தாளாம். காலில் கோடு கோடாக இருக்கிறது. சிஜோ நாளை மறுநாள் குவைத் திரும்புகிறார். மகளோடு பேச்சே இல்லையாம். அவளுக்கென்று வாங்கிக்கொண்டு வந்த டேப்பைப் பெட்டி பிரிக்காமல் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

அன்றைக்கு நானும் அங்கேதான் நின்றேன். ஆறுதல் சொன்னேன்.

எனக்காக ஜெபி.

அக்கா


10.12.2024

அக்கா,

காய்ச்சல் விட்டுவிட்டது. மாத்திரைப் பார்சலுக்கு நன்றி. எழுந்து நடக்கிறேன்.

நான் ஒன்று சொல்கிறேன், கேள். எனக்கு எட்டு வயதில் ஞாயிறு பள்ளிப் பரீட்சை. வசனம் சொல்ல எனக்கு வாய் வராது. நீ எனக்குப் பின்னால் நின்று காதில் சொல்லிச் சொல்லிக் கொடுத்தாய். எனக்குப் பரிசாக ஒரு சோப்பு டப்பா கிடைத்தது. நீ என்மேல் உள்ள பிரியத்தில்தான் செய்தாய், எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நான் எந்த மேடையிலும் ஏறவில்லை. நீ இல்லாமல் ஏறினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று பயம். அந்தப் பயம் போக எனக்கு இருபது வருஷமும் ஒடிசா மலையும் வேண்டியிருந்தது.

மூன்று கடிதமாக நீ ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எழுதுகிறாய். வாழை ஒடிந்ததை எழுதினாய், பழம்பொரியை எழுதினாய், புடவை நிறத்தை எழுதினாய். அந்த டேப்பில் படத்தைத் தொட்டது யார்?

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். அத்தானுக்கும் சொல்.

உன் தங்கச்சி
ஷைஜா


புதுக்கடை
5.1.2025

ஷைஜா,

நீ எழுந்து நடக்கிறாய் என்று படித்ததும்தான் உயிர் வந்தது. மற்ற விசாரிப்பெல்லாம் பிறகு.

நான்தான்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி. மாலை நாலரை மணி. முப்பத்தியொரு பேருக்கு முடிந்துவிட்டது. ரெனிஷா மட்டும் பாக்கி. முந்தின நாளே எனக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்குப் பாதி எழுத்துகூடத் தெரியாது என்று. உனக்குத் தமாஷ் என்று எழுதினேனே, அது எனக்குத் தமாஷாக இருக்கவில்லை. ஜேசுதாஸ் சார் வாசலில் நின்று மணி பார்த்தார். நெட் ஒரு கோடுதான் இருந்தது. அவள் டேப்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்து, சரியான படத்தின் மேல் வைத்து அழுத்தினேன். "நெட்டு போயிரும் மக்கா, சட்டுன்னு ஞெக்கு" என்றேன். பதினைந்து கேள்வி. பதினைந்துக்கும் அவள் விரல்தான். என் விரல் படக்கூடாது என்று நினைத்தேன் பார், என் புத்தியை! அரிச்சுவடி எழுதப் பிடித்துக்கொடுக்க வேண்டிய விரல் அது. மூன்றாவது நட்சத்திரம் விழுந்ததும் டேப்பில் கைதட்டல் சத்தம் வந்தது. அவள் சிரித்தாள். தான் ஏதோ சரியாகச் செய்துவிட்டோம் என்று நினைத்துவிட்டாள்.

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். ஆப்பில் ஒரு நட்சத்திரம் வாங்கிய பிள்ளைகளைத் தனியாக உட்கார்த்தி எழுத்து சொல்லிக் கொடுக்க வேண்டும், அதற்கென்றே பாடம் வரும். மூன்று நட்சத்திரம் என்றால் அது வராது. அப்படி அவளுக்குக் கிடைக்க வேண்டியதையும் நானே கெடுத்துவிட்டேன். விருது, விழா, காலாண்டு என்று ஓடிவிட்டேன். தனியே உட்கார்த்திச் சொல்லிக் கொடுத்தால் மற்றவர்கள் ஏன் என்று கேட்பார்களே என்றும் இருந்தது. அதுதான் உண்மை.

இன்னொன்று. ஆறுதல் சொன்னேன் என்று எழுதியிருந்தேன். அது பொய். ஆலய வாசலில் சிஜோ என் பக்கம் திரும்பி, "டீச்சரே, இவளுக்கு வாசிக்கத் தெரியுமா தெரியாதா? நீங்க சொல்லுங்க" என்று கேட்டார். ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். நான் சொன்னது, "தெரியும், கூட்டத்தப் பாத்து பயந்திருப்பா." அதன் பிறகுதான் அடி விழுந்தது ஷைஜா.

அந்தப் பிள்ளை அப்போது என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். விரலைப் பிடித்து அழுத்தியது டீச்சர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். சொல்லவில்லை. மறுநாள் அவளைத் தனியே கூப்பிட்டு ஏன் மக்கா சொல்லவில்லை என்று கேட்டேன். "டீச்சருக்கு ஏச்சு கிடைக்கும்லா" என்றாள். ஒன்பது வயது.

டிசம்பர் இரண்டாம் தேதியிலிருந்து மதியச் சாப்பாட்டு வேளையில் அவளை உட்கார்த்திச் சொல்லிக் கொடுக்கிறேன். நீ சொன்னபடி போர்டின் சத்தத்தை அணைத்துவிட்டேன். வரி மஞ்சளாகும், அவள்தான் சொல்ல வேண்டும். முதல் வாரம் அழுதாள். இப்போது டேப்பில் அவள் குரலையே பதிவு செய்து, திரும்பப் போட்டுக் கேட்டு, எங்கே தப்பு என்று அவளே கண்டுபிடிக்கிறாள். காதுதான் அவளுக்கு நல்ல காது ஆயிற்றே.

ஜேசுதாஸ் சாரிடம் போய் அவள் நட்சத்திரத்தைக் குறைக்க வேண்டும் என்றேன். ஆப்பில் நட்சத்திரத்தைக் கூட்டலாம், குறைக்க முடியாதாம். "இப்பதான் படிக்காளே டீச்சர், பிறவு என்னத்துக்குக் கிளறுதிய?" என்றார். சிஜோவுக்கு மூன்று தடவை போன் பண்ணினேன். அவர் ஹலோ சொன்னதும், வைத்துவிட்டேன்.

என்னை வெறுத்துவிடாதே.

ஜாஸ்பின்


26.1.2025

அக்கா,

நான் நலம். நீ சாப்பிடுகிறாயா?

உன்னை வெறுக்க எனக்கு எங்கே நேரம்? வெறுக்கவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் மாட்டேன். பரவாயில்லை என்று சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லை.

பிள்ளை வாசிக்கக் கற்றுக்கொள்வது நல்லது. ஆனால் அவள் அப்பா இன்னும் அவளைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டு குவைத்தில் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த லீவுக்கு இரண்டு வருஷம். அவள் எவ்வளவு நன்றாக வாசிக்கிறாளோ, அன்றைக்கு வேண்டுமென்றுதான் செய்தாள் என்று அவருக்கு அவ்வளவு உறுதியாகும். யோசித்தாயா?

போனில் வாய் வரவில்லை என்றால் எழுது. எனக்கு எழுத உன்னால் முடிந்ததுதானே.

ஷைஜா


புதுக்கடை
2.3.2025

அன்புள்ள ஷைஜா,

சுகமா? இங்கே வெயில் தொடங்கிவிட்டது. அத்தான் கை சரியாகிவிட்டது. நான் சாப்பிடுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே சிஜோவுக்கு எழுத உட்கார்ந்தேன். நாலு தாள் கிழித்தேன். ஐந்தாவதில், விரலைப் பிடித்தது, ஆலய வாசலில் பொய் சொன்னது, எல்லாவற்றையும் எழுதினேன். லீவு முடிந்து குவைத் போகிற புதுக்கடைக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். சங்கத்துக்கும் ஒன்று எழுதி ஜேசுதாஸ் சார் மேஜையில் வைத்தேன். அதை அவர் அனுப்பியது மாதிரி தெரியவில்லை. பத்து நாள் பார்த்துவிட்டு நானே அனுப்பிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். என்னோடு பேசுவதில்லை இப்போது.

சிஜோவுக்கு எழுதியதில் ஒரு முட்டாள்தனம் பண்ணிவிட்டேன். அவர் கேரள எல்லையில் களியக்காவிளைப் பக்கத்துக்காரர், மலையாள மீடியத்தில் படித்தவர். தமிழ் பேசுவார், ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான், எனக்குத் தோன்றவே இல்லை. மகள் தமிழில் வேதபாடம் வாசிக்க வேண்டும் என்று அவர் ஏன் அப்படித் துடித்தார் என்று இப்போதுதான் புரிகிறது. அறையில் உள்ளவர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொல்ல அவருக்குப் பயம். டீச்சர் எழுதியிருக்கிறார் என்றால் மகள் இன்னும் ஏதோ செய்திருக்கிறாள் என்று நினைத்திருக்கிறார். கடிதத்தைப் போட்டோ எடுத்து வீட்டுப் போனுக்கு அனுப்பினார். ஜாஸ்மி அண்டி ஆபீஸிலிருந்து வந்திருக்கவில்லை. வீட்டில் ரெனிஷா மட்டும். மூன்று மாதம் கழித்து அவளோடு அவர் பேசிய முதல் வார்த்தை, "மோளே, இது என்னன்னு வாசி."

திங்கள்கிழமை காலை அவள் பள்ளிக்கு வந்ததும் என்னிடம் ஓடி வந்தாள். அப்பா கடுதாசியை வாசிக்கச் சொன்னார், வாசித்தேன், தப்பே இல்லை என்று அப்பா சொன்னார் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். முழுக்க வாசித்தாயா என்று கேட்டேன்.

"இல்ல டீச்சர். எனக்க விரல நீங்க பிடிச்ச எடம் வந்தப்போ, நெட்டு போச்சுன்னு சொல்லிக் கட் பண்ணிட்டேன்."

எங்கிருந்து படித்தாள் அந்தப் பொய்யை? என்னிடமிருந்துதான்.

அன்று மாலையே அவளோடு வீட்டுக்குப் போனேன். ஜாஸ்மியும் வந்துவிட்டாள். சிஜோவை வீடியோவில் கூப்பிட்டோம். மனிதர் முகம் நிறையச் சிரிப்பு. மோள் நாலு நிமிஷம் தமிழ் வாசித்தாள் டீச்சர், அறையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன் என்றார். பழைய கோபம் இருந்த இடமே தெரியவில்லை. ஒரு நிமிஷம் எனக்குத் தோன்றியது, இப்படியே விட்டுவிடலாமே என்று. உன்னிடம் மறைக்க மாட்டேன், நிஜமாகவே தோன்றியது. பிறகு ரெனிஷாவிடம் கடிதத்தின் மிச்சத்தையும் அப்பாவுக்கு வாசி என்றேன். அவள் போனில் அந்தப் போட்டோவைப் பார்த்தாள். உதடு அசைந்தது. எழுத்துக் கூட்டி முழுவதையும் மனதுக்குள் வாசித்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. தலையை நிமிர்த்தினாள்.

"எனக்கு வாசிக்கத் தெரியும் டீச்சர். ஆனா இத வாசிக்க மாட்டேன்."

ஆகவே நான்தான் சொன்னேன். கடிதத்தைப் பார்க்காமல் சொன்னேன். மூன்று நட்சத்திரமும் நான் போட்டது, உங்கள் மகளுக்கு அன்றைக்கு வாசிக்கத் தெரியாது, நீங்கள் வாசலில் கேட்டபோது தெரியும் என்று நான் பொய் சொன்னேன், அவள் என்னைக் காட்டிக்கொடுக்காமல் அடி வாங்கினாள் என்றேன். சிஜோ அசையவே இல்லை. படம் அப்படியே நின்றுவிட்டது போலிருந்தது. கேட்கிறதா சிஜோ என்று கேட்டேன்.

"கேக்குது டீச்சர். நெட்டு போகல்ல."

பிறகு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மோளுக்கிட்ட குடுங்க" என்றார். ரெனிஷா போனை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போனாள். அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் முற்றத்தில் நின்றேன். அரை மணி நேரம் கழித்தும் பேச்சுக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஜாஸ்மி ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்து என் பக்கத்தில் திண்டில் வைத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையில் தரவும் இல்லை. அவள் அலமாரியைத் திறந்து அந்த டேப் பெட்டியை வெளியே எடுக்கிற சத்தம் கேட்டது. நான் தண்ணீரைக் குடித்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் நடந்து வந்துவிட்டேன்.

கொசுவலையைத் தைத்துவிட்டாயா? பதிலுக்கு அவசரமில்லை. இந்தக் கடிதத்தில் உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்றும் இல்லை.

உன் அக்கா
ஜாஸ்பின்